கிளியர் சூப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மழை விட்ட கொஞ்ச நேரத்தில் எங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

2. லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்தார். "நாளிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. அப்பா ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

4. "தொறந்து தொறந்து மூடாதப்பா, குளிரு போயிடும்" என்றேன். "போறதுக்குள்ள உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்க வேணாமா?" என்றார்.

5. உள்ளே இருந்த சின்னச் சின்னக் கிண்ணங்களை எடுத்து அடுப்பு மேடைமேல் வரிசையாக வைத்தேன்.

6. வரிசையைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்தது. சூப்பு.

7. வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடமிருந்து வீடியோ கால் வந்தது.

8. "இன்னா ஆக்கற பாப்பா?" என்றாள். "கிளியர் சூப்பு" என்றேன்.

9. அம்மா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, பெரியம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறாள் என்றாள்.

ஒன்பதாவதற்குப் பிறகு நடந்ததையும் இப்படியே எண் போட்டு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை சரியாக வந்தது. ஆனால் படித்துப் பார்த்தால் நடந்தது அதில் இல்லை. அதனால் வழக்கம்போல் எழுதுகிறேன்.

பாலிடெக்னிக் பஸ்ஸைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "உங்கள் கட்டுரைகளில் அம்மா ஏன் எப்போதும் ஃபோனில் மட்டுமே வருகிறார்?" இந்த வாரம் அதற்குப் பதில்.

மூன்று மாதம் என்று போனவள்

அம்மா பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். அது பெரியம்மாவின் வீடு. பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அக்கா. பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். கல்யாணமாகிப் போன பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. பெரியப்பா இறந்த பிறகும் அங்கே தனியாகத்தான் இருந்தாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது.

"நீ கொஞ்ச நாள் வந்து இருந்துட்டுப் போறியா?" என்று பெரியம்மா ஃபோனில் கேட்டாள். அவள் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. அம்மா சரி என்று சொல்லிவிட்டுத்தான் எங்களிடம் சொன்னாள்.

எங்கள் ஊர் ஒதியம்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போகவே ஜன்னலோரம் இடம் இருந்தால்தான் அம்மா பஸ் ஏறுவாள். இல்லையென்றால் அடுத்த பஸ். அவள் விமானம் ஏறிப் போனாள். பெட்டியில் துணியைவிட வடகமும் மிளகாய்த்தூளும்தான் அதிகம் இருந்தன. மூன்று மாதம் என்று பேச்சு.

மூன்று மாதம் கழித்துப் பெரியம்மாவால் எழுந்து உட்கார முடிந்தது, நடக்க முடியவில்லை. அம்மா ஊருக்கு வந்து, ஒரு வருட விசா வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அப்போது எங்களோடு இருந்த நாட்கள் முழுக்க அலுவலகங்களுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் அலைவதிலேயே போய்விட்டன. அந்த விசா முடிந்ததும் அங்கேயே இன்னொரு வருடம் நீட்டினார்கள். அதுவும் இந்தப் பொங்கலுக்குப் பிறகு முடிகிறது.

அப்பா நெல்லும் கரும்பும் போடுகிறார். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்தவள். வில்லியனூரைத் தாண்டி ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வெப்பமானி, அழுத்தமானி, தராசு, எல்லாம். அவை சொல்வது உண்மைதானா என்று பார்த்து, பார்த்த தேதியை ஒட்டிவிட்டு வருவேன்.

அம்மா போனதும் வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். வாசல் தெளிப்பது அப்பா. சமையல் நான். பாத்திரம் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார்களோ அவர்கள். இந்தக் கடைசி விதி வந்த பிறகு அப்பா வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டார்.

எல்லாம் நடந்தது. நடக்காமல் எதுவும் நிற்கவில்லை. அம்மா குழம்பு கிளறிய பிறகு கரண்டியைச் சட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, ஊதி, உப்புப் பார்ப்பாள். நானும் தட்டிப் பார்த்தேன். அதே சட்டி, அதே கரண்டி. அந்தச் சத்தம் வரவில்லை. அப்பா ஒருமுறை கழனியிலிருந்து வந்து, நான் தட்டுவதைக் கேட்டுவிட்டு, கூடத்தில் அப்படியே நின்றார். பிறகு கை கழுவப் போனார்.

பெயர் வந்த விதம்

அம்மா பாரிஸ் போவதற்கு முந்தைய மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கொசுக்காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்து ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் விட்டும் அப்பா எதையும் வாயில் வைக்கவில்லை. இட்லியைப் பார்த்தாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். பலன் இல்லை.

வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். அரியூர்ப் பெண். என்னைவிடச் சின்னவள். அவள் அம்மாவிடம் சொன்னாள்: "கெட்டியா ஒண்ணும் வேணாம்மா. கிளியர் சூப் வெச்சி எடுத்துகினு வாங்க. அத்த குடுத்துப் பாப்போம்."

'கிளியர்' என்ற சொல் எங்கள் வீட்டில் என்ன பொருளில் புழங்கியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சட்டியில் அடியில் கிடக்கும் குழம்பில் சோற்றைப் போட்டுத் துடைத்துத் தின்றால் அது கிளியர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து அண்டாவைக் காலி செய்தால் கிளியர். "அந்தக் கடேசி தோசய கிளியர் பண்ணிடு பாப்பா, ஒண்ணே ஒண்ணு கெடக்குது" என்பாள் அம்மா. தெளிந்தது, அடி தெரிவது என்ற பொருளில் அந்தச் சொல்லை நான் பாலிடெக்னிக் சோதனைக்கூடத்தில்தான் முதலில் கேட்டேன். அம்மா சோதனைக்கூடத்துக்கு வந்ததில்லை.

ஆகவே அம்மா வீட்டுக்கு வந்தாள். கிளியர் செய்தாள்.

நாலைந்து நாளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்ததில் ஃப்ரிட்ஜில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தது. சாம்பாரில் கிடந்த காய்கள். பீன்ஸ் பொரியல். பரங்கிக்காய்ப் பத்தை ஒன்று. அரை முட்டைக்கோஸ். விரல் போலச் சுருங்கிய கேரட். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு, ஒரு கை சோற்றையும் சேர்த்து வேகவிட்டு, அரைத்து, மிளகும் சீரகமும் பொடித்துப் போட்டு, கேரியரில் ஊற்றி மூடிக் கொண்டுவந்தாள்.

நர்ஸ் மூடியைத் திறந்தாள். ஸ்பூனை நட்டால் நிற்கும் போலிருந்தது.

"இன்னாம்மா இது?"

"நீ சொன்னதுதாம்மா. கிளியர் சூப்பு."

"இது கிளியரா இல்லியே."

"ஏன் இல்ல? வூட்ல ஒரு கிண்ணம் பாக்கி இல்ல. மொத்தத்தயும் கிளியர் பண்ணித்தான் வெச்சிருக்கேன். வேணும்னா வந்து பாரு."

அந்தப் பெண்ணுக்கு முகக்கவசம் உதவியது. கண்கள் மட்டும் சிரித்தன. நான் ஃபோன் சார்ஜரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அது இன்னா வாசன?"

சாப்பாட்டைப் பற்றி அவர் அத்தனை நாளில் கேட்ட முதல் கேள்வி அது. டாக்டர் வந்து பார்த்தார். மேலாகத் தெளிந்திருப்பதை மட்டும் இறுத்து, கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். அப்பா இறுத்ததைக் குடித்தார். தம்ளரை நீட்டினார்.

"மீதி?" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த சூப்புக்கு அதுதான் பெயர். சரியான பொருளை நான் அம்மாவுக்குப் பிறகு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "அப்ப அது வெறும் தண்ணி. அதுக்கு எதுக்கு சூப்புன்னு பேரு?" என்றாள்.

செய்முறை, எனக்காக எழுதிக்கொண்டது

இதை அம்மா எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஃபோனில் கேட்டால் "இருக்கறத போடு" என்பாள். அவ்வளவுதான் அவள் செய்முறை. எங்கள் வீட்டில் ஆக்கிய பொருளை 'மிச்சம்' என்று சொல்வது அம்மாவுக்குப் பிடிக்காது. நேற்றைய குழம்பைக் கேட்டால் "மிச்சம் இருக்குது" என்று சொல்ல மாட்டாள். "இருக்குது" என்பாள்.

எனக்கு அது போதாது. பல ஞாயிற்றுக்கிழமைகள் செய்து பார்த்து, கெடுத்து, மறுபடி செய்து நான் கண்டவை இவை:

முதலில் மூக்கு. மோந்து பார்க்கையில் இரண்டு யோசனை வந்தால் அது சட்டிக்குப் போகக் கூடாது. தேங்காய் போட்ட பொரியலில் கூடுதல் எச்சரிக்கை.

முருங்கைக்காய் இருந்தால் சதையை ஸ்பூனால் வழித்துக்கொண்டு நாரைத் தள்ளிவிட வேண்டும். சோம்பல்பட்டு அப்படியே அரைத்தால் சூப்பில் தேங்காய் நார் மிதப்பது போலிருக்கும். ஒருமுறை பட்டேன்.

பாகற்காய் சேராது. பீட்ரூட் சேரும், ஆனால் நிறத்தைப் பார்த்துவிட்டு அப்பா "ரத்த டெஸ்ட்டுக்கு அனுப்பப் போறியா?" என்று கேட்பார்.

வெங்காயத்தையும் நசுக்கிய பூண்டையும் எண்ணெயில் வதக்கிக்கொண்டு, பச்சைக் காய்த் துண்டுகளை முதலில் போட்டுத் தண்ணீர் விட்டு வேகவிட வேண்டும். ஏற்கெனவே வெந்தவை கடைசியில். மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் பசை, இன்னொரு பக்கம் நறுக்கென்று கேரட்.

கெட்டியாவதற்குப் பழைய சோறு ஒரு கை. மாவு எதுவும் வேண்டாம்.

எல்லாம் வெந்ததும் பாதியை அரைத்து, பாதியை அப்படியே விட வேண்டும். முழுக்க அரைத்தால் குழந்தைக்கு ஊட்டுவது போலாகிவிடும். பல்லுக்கு ஏதாவது தட்டுப்பட்டால்தான் சாப்பிட்டது போலிருக்கும்.

உப்பு எல்லாவற்றுக்கும் பின்னால். இதில்தான் நான் அதிகம் தவறினேன். ஒவ்வொரு கிண்ணமும் தன் உப்போடு வருகிறது. சாம்பார்க் காய்க்கு ஓர் உப்பு, பொரியலுக்கு ஓர் உப்பு. அவை கலந்து அடங்கின பிறகு ருசித்துப் பார்த்தால்தான் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். பல நாள் ஒன்றுமே குறையாது.

இறக்கும்போது மிளகும் சீரகமும் பொடித்து, கொத்தமல்லிக் காம்பைப் பொடியாக நறுக்கிப் போட்டால் முடிந்தது. காய் அரிந்து வைத்திருந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. நானும் அப்பாவும் வேறெதுவும் இல்லாமல் இதையே ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறோம். கூடக் கருவாடு சுட்டுக்கொள்ளலாம் என்பது அப்பாவின் திருத்தம்.

பொத்தாழ்

பெரியம்மா ராத்திரியில் சோறு சாப்பிட மாட்டாள். சூப்பும் ரொட்டியும்தான். அந்த சூப்பை அவள் 'பொத்தாழ்' என்பாள். அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். முதல்முறை அப்பா காதில் அது விழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ராத்திரிக்கு இன்னா அண்ணி?" என்று வீடியோ காலில் கேட்டார், வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"பொத்தாழ் தம்பி" என்றாள் பெரியம்மா.

"பொத்தலா? சட்டி புதுசா ஒண்ணு வாங்கக் கூடாதா அண்ணி?"

பெரியம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை. அக்காவுக்கு இடுப்பு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க என்று அம்மா அப்பாவை அதட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பொத்தாழை அடுப்பில் ஏற்றுவது அம்மா. வெங்காயத்தாள் போல ஒன்று அங்கே கிடைக்கிறது. கை மணிக்கட்டுப் பருமன். அதன் பச்சைப் பகுதி, கேரட்டின் இரண்டு முனைகள், முந்தைய நாள் அவித்த உருளைக்கிழங்கு, பாதி வதங்கிய கீரை. வேகவைத்து, அரைத்து, மேலே வெண்ணெய் ஒரு துண்டு.

"நம்ம கிளியர் சூப்புதான் பாப்பா" என்றாள் அம்மா, போன புதிதில் ஒருநாள். "இவங்க வெண்ண போடறாங்க, நாம மொளகு போடறோம். நான் ரெண்டும் போடறேன். அக்காவுக்குத் தெரியாது."

அப்படி, அம்மா தினமும் சாயங்காலம் எங்கள் சூப்பை வைக்கிறாள். அதைப் பெரியம்மா குடிக்கிறாள். இங்கே ஞாயிற்றுக்கிழமையானால் நான் வைக்கிறேன். எங்களுக்கு விளக்குப் போடும் நேரம் அவளுக்கு மத்தியானம் சாய்கிற நேரம். அவள் காய் அரிய உட்காரும் நேரம். பேசிக்கொள்ளாமலே இரண்டு பேருக்கும் இது பழக்கமாகிவிட்டது. ஃபோனை இந்தப் பக்கம் எண்ணெய்த் தகரத்தின் மேலும் அந்தப் பக்கம் ரொட்டிக் கூடையின் மேலும் சாய்த்து வைத்துக்கொண்டு அவரவர் வேலையைச் செய்வோம். அங்கே சட்டியைத் திறந்தால் ஆவியில் அம்மாவின் முகம் மறையும். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும். முதலில் மூக்குத்தி, அப்புறம் நெற்றி.

அந்த நேரத்துக்காக நான் வாரம் முழுவதும் காத்திருக்கிறேன் என்பதை அவளிடம் சொன்னதில்லை. புதன்கிழமையிலிருந்தே பொரியலில் கொஞ்சம், குழம்பில் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுவேன். இருப்பதை வைத்து சூப்பு என்பது போய், சூப்புக்காகவே இருக்க வைப்பது என்றாகிவிட்டது. அப்பா கவனித்திருக்கிறார். தட்டில் இரண்டாவது முறை பொரியல் கேட்க மாட்டார்.

ஒன்பதுக்குப் பிறகு

"பேப்பர்லாம் இந்த மாசமே குடுக்கணுமாம்" என்றாள் அம்மா. "இன்னொரு வருஷம் இருந்துட்டுப் போயேன்றா அக்கா. நான் வூட்ல கேட்டுட்டு சொல்றேன்னேன்."

"பெரியம்மா இப்ப நடக்கறாங்க இல்ல?"

"நடக்கறா. தள்ளிகினு போற வண்டி ஒண்ணு குடுத்திருக்காங்க. அத்த புடிச்சிகினு பால்கனி வரைக்கும் போவா, வருவா." குரலைத் தாழ்த்தினாள். "நடக்கறதுக்காவ இல்ல பாப்பா. சாய்ங்காலம் ஆனா பேச ஆளு வேணும் அவளுக்கு."

வெங்காயம் கருகும் வாசனை வந்தது. "இரும்மா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரை ஊற்றினேன்.

 அவள் கேரட்டை அரிந்தாள். நான் முட்டைக்கோஸைப் போட்டேன். மின்சாரம் இல்லாததால் மிக்ஸி இல்லை. பருப்பு மத்தையும் சட்டியையும் அப்பாவிடம் கொடுத்தேன். எமர்ஜென்சி விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே உட்கார்ந்து, காலுக்கிடையில் சட்டியை இடுக்கிக்கொண்டு அவர் கடைந்தார். பரங்கிக்காயும் சோறும் மசிந்தன. முதல்முறையாகப் பாதி அரைத்துப் பாதி விடுவது தானாகவே அமைந்தது. மத்தால் அதற்கு மேல் முடியாது.

மிளகைப் பொடித்துப் போட்டு அப்பாவுக்குத் தம்ளரில் ஊற்றினேன். அவர் ஊதி ஊதிக் குடித்தார்.

"இன்னா சொல்ற பாப்பா?" என்றாள் அம்மா. "நாளிக்கு அக்கா கேப்பா."

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும்தான் நல்லா சமாளிக்கிறீங்களே. தோ, கரண்ட் இல்ல. அப்பவும் சூப்பு வெச்சிகினு நிக்கற. நான் வந்துதான் இன்னாத்த பண்ணப் போறேன்?"

அவள் பாராட்டினாள். மனதாரத்தான் சொன்னாள். எனக்குத்தான் கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எப்படி இருக்கீங்க என்று அவள் கேட்கும்போதெல்லாம் "ஒண்ணும் பிரச்சன இல்லம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்பேன். தூரத்தில் இருப்பவளைக் கலங்கடிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்ட பழக்கம் அது. என் வேலையில், எப்போது பார்த்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவோம். கழற்றிப் பார்ப்போம். பெரும்பாலும் ஊசி சிக்கிக்கொண்டிருக்கும். அம்மா என்னைக் கழற்றிப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தாள். நான் காட்டிய எண்ணை நம்பினாள்.

"உன் இஷ்டம்மா" என்று ஆரம்பித்தேன்.

"இங்க குடு" என்றார் அப்பா.

அப்பா ஃபோனை வாங்கிப் பேச மாட்டார். என் பின்னாலிருந்து காற்றில் சொல்வார்; நான் அதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். அன்று எழுந்து வந்து ஃபோனை வாங்கிக்கொண்டார். மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டார்.

"இன்னாமே."

"சொல்லுங்க."

"இவ சமாளிக்கிறான்னு ஒனக்கு எவன் சொன்னான்?"

"ஏன், இன்னா ஆச்சி?"

"சூப்பு வாயில வெக்க முடியல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உப்பு இல்லியா?" என்றாள் அம்மா.

"உப்பு இருக்குது."

"காரம் தூக்கலா?"

"காரமும் சரியாத்தான் இருக்குது."

"அப்பறம் இன்னாதான் இல்ல அதுல?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "எல்லாம் இருக்குது" என்றார். "ஆனா வாயில வெக்க முடியல."

சொல்லிக்கொண்டே காலித் தம்ளரை என் பக்கம் நீட்டினார். நான் ஊற்றினேன். கை நீண்டதில் ஃபோன் சாய்ந்து, விளக்கு வெளிச்சத்தில் தம்ளரும் சட்டியும் திரையில் விழுந்தன. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயில வெக்க முடியாததத்தான் ரெண்டாந்தபா வாங்கிக் குடிக்கிறீங்களா?"

"கிளியர் பண்ணணும் இல்ல?" என்றார் அப்பா. "கரண்ட் வேற இல்ல. வீணாப் பூடும்."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவள் ஃபோனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டாள் போலிருக்கிறது. திரையில் வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. கேரட்டை அரியும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. குழாயைத் திறந்துவிட்ட சத்தம். உள்ளேயிருந்து பெரியம்மா "யாரு, தம்பியா பேசறாரு?" என்று கேட்டாள். 

அப்பா கொஞ்ச நேரம் அந்தக் கூரையைப் பார்த்தார். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, பாதிதான் குடித்த தம்ளரோடு தோட்டத்துப் பக்கம் போனார்.

"அம்மா" என்றேன்.

"ம்."

"நான் சொல்றத கேளு. ஒண்ணு, அப்பாவுக்கு மறுபடியும் முட்டி வலி. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. ரெண்டு, எனக்கு ஷிஃப்ட் மாத்தப் போறாங்க, அவரு தனியா..."

"லிஸ்ட் போடாத பாப்பா."

நிறுத்தினேன்.

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றாள். திரையில் இன்னும் கூரைதான்.

"வாம்மா" என்றேன்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சினாள். "சட்டிய மூடி வை. மழக்காலம், பூச்சி வுழும்" என்றாள். கால் துண்டானது. என் ஃபோனில் சார்ஜ் போயிருந்தது. அவளும் துண்டித்திருக்கலாம்.

இப்போதைய நிலை

பாப்பா வரச் சொல்கிறாள் என்று அம்மா பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். பெரியம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள், நான் வேலையில் இருக்கும்போது, பெரியம்மாவே எனக்கு ஃபோன் செய்தாள். நலம் விசாரிக்கவில்லை.

"அவ ஒனக்கு அம்மா ஆவறதுக்கு முன்னாடியே எனக்குத் தங்கச்சி. தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும் பெரியம்மா."

"தெரிஞ்சா சரி" என்று வைத்துவிட்டாள்.

அவள் வீட்டுக்குக் காலையில் வந்து உதவ ஒரு பெண்ணுக்கு ஏற்பாடாகியிருக்கிறது. ஒரு வாரமாக வருகிறாள். பெரியம்மா அவளைக் குளியலறை வரை விடுகிறாள், சமையலறைக்குள் விடுவதில்லை.

விசாவை நீட்டிக்கும் பேப்பர் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அம்மா கொடுக்கவில்லை. டிக்கெட்டும் எடுக்கவில்லை. நான் வா என்று சொல்லிவிட்டேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.